துடைத்து, எண்ணெய் போட்டு, மாட்டவும்

“ஆளைப் பிடிச்சுட்டோம் மேடம். இனிமே நீங்க வர வேண்டாம்” என்றார் வணிகர் சங்கத் தலைவர் போனில்.

சித்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “உயிரோட இருக்கானா?”

“இப்போதைக்கு.”

லைன் கட்டானது. நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் சித்தி கை கழுவி, செருப்பு மாட்டி, வாசலில் நின்று என்னை முறைத்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எரிந்துபோன கோடவுன்களில் சாம்பலைக் கிளறி, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்ததா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் வேலையிலேயே தலை நரைத்தவள். அதை உதறிவிட்டுத் துப்பறியும் ஏஜென்ஸி ஆரம்பித்தபோது வேலைக்கு ஒருத்தரும் அகப்படாமல் அக்கா மகளான என்னைப் பிடித்துப் போட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அடி வாங்குவது ஆகியவை என் இலாகா. யோசிப்பது அவள் இலாகா. அதில் நான் மூக்கை நுழைத்தால் மூக்கு இருக்காது.

“பிடிச்சாச்சுன்னா கேஸ் முடிஞ்சுதுதானே சித்தி?” என்றேன் வண்டியைக் கிளப்பியபடி.

“தலைவலிக்குத் தலையை வெட்டினாலும் வலி போயிரும்டி. விரட்டு.”

விரட்டினேன்.

அந்தக் கடைத்தெருவில் யாருமே பெரிய முதலாளி இல்லை. தையல் கடை, பேக்கரி, வெல்டிங் பட்டறை, பெயின்ட் கடை என்று எல்லாம் கையூன்றிக் கரணம் போடுகிற ஜாதி. ஒரு மெஷினைத் தனியாக வாங்க எவருக்கும் வக்கு இல்லை. ஆகவே சங்கம் வாங்கும். வாங்கியதில் ஒரு பச்சைக் கோடு போட்டு, முறை வைத்து ஆளுக்கு ஆள் கொடுக்கும். கருவிகளுக்கென்று சங்கக் கட்டடத்திலேயே ஒரு பொது அறை இருந்தது. கண்காட்சியில் கடை போடுவதா, சங்க வேனில் எல்லார் சரக்கும் ஒன்றாகப் போகும். ஒரு கடைக்காரரைச் சப்ளையர் ஏமாற்றினால் மறுநாளிலிருந்து தெருவே அவனிடம் வாங்காது. தனி மரம் தோப்பாகாது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இவர்கள் நட்டு, தண்ணீர் ஊற்றி, தோப்பாக்கியே காட்டினார்கள்.

அந்தத் தோப்புக்குத்தான் கொஞ்ச நாளாகக் கோடாலி வந்திருந்தது. தெருக்கோடியில் ஒரு பெரிய கம்பெனி மலைபோல் கடை கட்டியது. ‘சங்கம் எதுக்கு, நீங்க தனித்தனியா எங்ககிட்ட வாங்க’ என்று ஒவ்வொருவராக அழைத்தது. கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றது. சங்கத்தைக் கலைத்து, சாமான்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

அப்போதுதான் தாக்குதல்கள் தொடங்கின. முதலில் தையல் கடையைக் கொளுத்தினான் யாரோ. அடுத்து, விடிவதற்கு முன் முகமூடி போட்ட ஒருவன் பேக்கரியில் புகுந்து அடுப்பையும் கண்ணாடி அலமாரிகளையும் நொறுக்கினான். பின்னறையில் படுத்திருந்த பேக்கரிக்காரர் எழுந்து வந்து தடுக்க, அவர் கையையும் இரும்புக் கம்பியால் இரண்டாக்கினான். நேற்றுக் காலை, கருவி அறையைத் திறந்துகொண்டிருந்த சங்கச் செயலாளரின் மண்டையைப் பிளந்தான். அந்த நல்ல மனிதர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

அடி விழ விழத் தெரு ஒன்று சேர்ந்துவிட்டது. உடைந்த கடை சாயங்காலத்துக்குள் திறந்தாக வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். துடைப்பமும் சிமென்ட்டுமாக அத்தனை பேரும் வந்து நின்றார்கள். கலைக்கிற பேச்சைக் காணோம். எல்லார் விரலும் ஒரே ஆளைக் காட்டியது. அவன் கம்பெனியின் அடியாள், பெயர் மொட்டை. வாரா வாரம் தெருவில் வந்து ‘காலி பண்ணிருங்க’ என்று உறுமிவிட்டுப் போகிறவன்.

அவனைத்தான் இப்போது பிடித்திருந்தார்கள்.

சங்கக் கூடத்தின் கதவைத் தள்ளினேன். மொட்டையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு இரண்டாகக் கிழிந்து, வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. சுற்றி நின்றவர்கள் ரவுடிகள் அல்ல. சங்க உறுப்பினர்கள். என் சுடிதாருக்கு அளவெடுத்த டெய்லரம்மா கையில் சுத்தியல். வெல்டர் கையில் சம்மட்டி. நடுவில் நின்ற தலைவர் கையில் கடப்பாரை. எல்லாவற்றிலும் அந்தப் பச்சைக் கோடு. தலைவர் பெயின்ட் கடைக்காரர். கோடு போடுவதை வேறு யாரையும் நம்பி விடமாட்டார்.

பேக்கரிக்காரர் மட்டும் கட்டுப் போட்ட கையோடு சுவரில் சாய்ந்திருந்தார். அவரது மற்ற கை முஷ்டியிலும் ரத்தம் இருந்தது.

“வழி விடுங்க” என்றாள் சித்தி.

“ஒத்துக்கிட்டான் மேடம்” என்றார் தலைவர். மூச்சு வாங்கியது. “எல்லாத்தையும் நான்தான் பண்ணேன்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான்.”

“அந்த வாயாலயா? அதுல பல்லே மிச்சமில்லையே” என்றேன்.

சித்தி மொட்டையின் முன்னால் குனிந்தாள். “செயலாளரை எதால அடிச்சே?”

மொட்டை ஒற்றைக் கண்ணால் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பரீட்சையில் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்ப்பவனின் பார்வை அது. “க... கத்தியால.”

வெல்டர் சம்மட்டிப் பிடியால் அவன் முழங்காலில் ஒன்று போட்டார். மொட்டையின் அலறல் கூரையில் மோதித் திரும்பியது. “மண்டை பிளந்திருக்கு, கத்தியாம்! பொய் சொல்றான் மேடம்.”

“பொய் இல்லை. அவனுக்குத் தெரியலை. நீங்க எந்தப் பதில்ல நிறுத்துவீங்கன்னு தேடறான்” என்றாள் சித்தி.

“அம்மா...” மொட்டை முனகினான். “மிரட்டறதுதாம்மா என் தொழில். உடைக்கச் சொல்லி எவனும் சொல்லலை. சொல்லாத வேலையை நான் ஏன் செய்யப் போறேன்?”

“தொழில் தர்மம்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் கடப்பாரையைத் தோளுக்கு உயர்த்தினார். “மேடம், வெளியில போயிருங்க. இது எங்க தெரு, நாங்க பார்த்துக்கறோம்.”

“ஆயுதம் எங்கே?” சித்தி நகரவில்லை. “செயலாளரை அடிச்ச ஆயுதம். அது இல்லாம இவனைக் கொன்னீங்கன்னா, நாளைக்குக் கோர்ட்ல நிக்கறது கம்பெனி இல்லை, நீங்கதான். அப்புறம் இந்தத் தெரு மொத்தமும் கம்பெனிக்குத்தான். கொஞ்ச நேரம் குடுங்க. நான் எடுத்துத் தர்றேன்.”

“போலீஸே தேடிட்டுப் போயிருச்சு. ஆயுதத்தை அவன் கையோட கொண்டு போயிட்டான்னுதான் அவங்களும் சொன்னாங்க.”

“கேக்கறாங்கள்ல, குடுப்போமே தலைவரே” என்றார் டெய்லரம்மா. தலைவர் வேண்டாவெறுப்பாகக் கடப்பாரையைத் தாழ்த்தினார்.

கருவி அறை கூடத்துக்கு அடுத்தது. போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். வண்டியெல்லாம் கம்பெனியின் புதுக் கடைத் திறப்பு விழாவுக்குப் பந்தோபஸ்து போயிருக்கிறதாம், வந்ததும் அனுப்புகிறார்களாம்.

“ரிப்பன் வெட்டற கத்திரிக்குப் பாதுகாப்பு குடுக்கறாங்க சித்தி.”

“வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற.”

திறந்தேன். ஒரு சுவர் முழுக்கக் கருவிகளுக்கான ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் பின்னால் அந்தந்தக் கருவியின் உருவம் கறுப்பு பெயின்ட்டில் கோடாக வரைந்திருந்தது. எது இல்லை என்று குருடனுக்கும் தெரியும். கூடத்தில் ரத்தம் குடித்துக்கொண்டிருந்த சிலவற்றின் இடம் மட்டும் காலி. மற்றதெல்லாம் அதனதன் ஆணியில். மேலே கொட்டை எழுத்தில் ஒரு பலகை: ‘எடுத்தவர் துடைத்து, எண்ணெய் போட்டு, அதே ஆணியில் மாட்டவும்.’

சுவரோரம் தரையில் செயலாளரின் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. போன வாரம்தான் அந்த மனிதர் சங்கத்தின் சார்பில் எங்களை அமர்த்தி, காபி வாங்கிக் கொடுத்து, என் ஸ்கூட்டரின் பிரேக்கைத் தானே உட்கார்ந்து இறுக்கிவிட்டார்.

அடுத்த அறையில் மறுபடி ஓர் அலறல். “கொஞ்ச நேரம்னா இவங்க ஊர்ல இவ்வளவுதான் போல” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சித்தி முட்டிபோட்டு அந்தக் கறையையே பார்த்தாள். பிறகு நேர் மேலே நிமிர்ந்தாள். கறைக்கு நேராக ஒரு பெரிய பைப் ரென்ச் தொங்கியது.

“இங்க பாரு. ரத்தத்து மேல என்ன இருக்கு?”

குனிந்தேன். காய்ந்த ரத்தத்தின் மேல் ஒரு பளபளப்பான சொட்டு. தொட்டால் வழுவழுப்பு. “எண்ணெய்.”

“ரத்தத்துக்கு அடியிலயா, மேலயா?”

“மேல.”

“அப்போ எது முதல்ல, எது அப்புறம்?”

ஒருவன் இந்த ரென்ச்சை எடுத்திருக்கிறான். மண்டையில் இறக்கியிருக்கிறான். அந்த மனிதர் காலடியில் துடித்துக் கிடக்கும்போதே, ரென்ச்சைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

“போலீஸ்காரன் வந்தான், எல்லாக் கருவியும் இடத்துல இருக்குன்னு திரும்பிட்டான்” என்றாள் சித்தி. “அடியாளா இருந்தா சாக்கடையில வீசிட்டு ஓடியிருப்பான். துடைச்சு மாட்டறதுக்குப் பழகின கை வேணும்டி. மூளை வேண்டாம்னு சொன்னாலும் கை கேட்காது.”

“அப்போ மொட்டை இல்லை.”

“இந்தப் பலகையைத் தினமும் பார்க்கிற ஆள்.”

அவள் முந்தானையால் பிடித்து ரென்ச்சைக் கழற்றினாள்.

கூடத்தில் மொட்டையின் தலை மார்பில் தொங்கியது. மூச்சு மட்டும் கொப்பளித்துக்கொண்டு வந்தது. சித்தி ரென்ச்சை மேசையில் வைத்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். ரத்தத்தையும் எண்ணெயையும் பற்றி நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

“அப்படின்னா... எங்கள்ல ஒருத்தரா?” டெய்லரம்மாவின் குரல் உடைந்தது. “என் கடையைக் கொளுத்தினது எங்காளா?”

“உங்க ஓவர்லாக் மெஷின் அன்னிக்கு எங்க கிடந்துச்சும்மா?”

“பிளாட்பாரத்துல. திருடிட்டுப் போகப் பார்த்து, பயந்து போட்டுட்டு ஓடிட்டான்னு நினைச்சோம்.”

“பச்சைக் கோடு போட்ட மெஷின்தானே?”

“ஆமா, சங்கத்துது.”

“திருடலைம்மா, காப்பாத்தியிருக்கான். சங்கத்துச் சாமானைப் பத்திரமா வெளியில எடுத்து வச்சுட்டு, உங்க சாமானைக் கொளுத்தியிருக்கான்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. வெல்டர் தன்னையறியாமல் பக்கத்தில் நின்றவரிடமிருந்து ஓர் அடி விலகினார். அவர் மட்டுமல்ல. ஒரு நொடி முன்புவரை தோளோடு தோள் நின்றவர்களுக்கு நடுவே சந்து சந்தாக இடைவெளி விழுந்தது.

“வீண் பேச்சு!” தலைவர் கத்தினார். “பச்சைக் கோட்டை யாரு வேணா பார்க்கலாம். மொட்டைக்கும் கண்ணு இருக்கு!”

“இருந்துச்சு” என்றேன்.

“சரியான கேள்வி தலைவரே.” சித்தி பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்க கடையில அவன் உடைக்காம விட்டது என்ன?”

“மாவு பிசையற மெஷின். அதுக்கு மேல மாவுச் சாக்கு கிடந்துச்சு. கண்ணாடி தெறிச்சும் ஒரு கீறல் இல்லை. ஏதோ நம்ம நல்ல நேரம்னு நினைச்சேன்.”

“சாக்கை நீங்க போட்டீங்களா?”

“இல்லையே.”

“அந்த மெஷின்ல பச்சைக் கோடு இருந்துச்சா?”

“இல்லை மேடம். புதுசு. சங்கத்துலருந்து முதல் நாள் சாயங்காலம்தானே வந்துச்சு. இன்னும் கோடே போ...” பேக்கரிக்காரர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

“கோடு போடாத மெஷின்” என்றாள் சித்தி. “பார்க்கிறவங்களுக்கு அது உங்க சொந்த மெஷின். சங்கத்துதுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. செயலாளருக்கு.” அவர் கண்கள் மெதுவாகக் கூடத்தின் நடுவுக்குப் போயின. “அப்புறம்... தன் கையால வேன்ல கொண்டு வந்து இறக்கினாரே, அவருக்கு. காலையில வந்து கோடு போடறேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

யாரும் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தலைவரைச் சுற்றித் தானாக ஒரு வட்டம் காலியானது.

அவர் முகத்தில் ஆச்சரியம் வரும், மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கடப்பாரை. சித்தியின் தலையைக் குறிவைத்துச் சுழன்று வந்தது. நான் அவளை இழுத்துத் தள்ளினேன். இலாகா என்னுடையதாயிற்றே, அடி என் இடது தோளில் இறங்கியது. உள்ளே ஏதோ விறகு மாதிரி முறிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது, வட்டியும் முதலுமாக. தரையில் விழுந்த என் மேல் அவர் மறுபடி ஓங்கினார்.

ஓங்கியது இறங்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறான் என்று நான் நினைத்த மொட்டை, கட்டிய நாற்காலியோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து அவர் கால்களில் விழுந்தான். தலைவர் குப்புற விழுந்தார். கடப்பாரை உருண்டது. வெல்டர் அவர் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்.

“ஏன் தலைவரே?” பேக்கரிக்காரர் அழுதுவிட்டார். “என் கையை முறிச்சீங்களே, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?”

“நீ குறுக்க வந்துட்டே!” தலைவர் தரையில் கன்னம் அழுந்தக் கத்தினார். “கடையைத்தான் உடைக்க வந்தேன். சங்கம் செத்துக்கிட்டிருந்துச்சுடா! கூட்டம் போட்டா நானும் செயலாளரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். பங்கு போடப் பார்த்தீங்கள்ல எல்லாத்தையும்? தையல் கடை எரிஞ்சதும் எத்தனை பேரு வந்தீங்க! பழைய மாதிரி ஆயிட்டீங்க! செயலாளர் கண்டுபிடிச்சுட்டான். எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னான். சொன்னா சங்கமே போயிருக்கும்...”

மேலே அவரைப் பேசவிடவில்லை. “என் கடையை!” என்று டெய்லரம்மா அலறி, அவர் கையில் சுத்தியலை இறக்கினார். விரல்கள் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. வெல்டர் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். மொட்டையைச் சுற்றி நின்ற அதே வட்டம், அதே மூச்சிரைப்பு, அதே கண்கள். ஆள் மட்டும்தான் மாறியிருந்தது.

சித்தி ஓடிப் போய்த் தடுக்கவில்லை. ஓடியிருந்தால் அவளுக்கும் விழுந்திருக்கும். எரிந்த கோடவுன் முதலாளிகளை நடுங்க வைத்த அந்தக் குரலில், “டெய்லரம்மா! உங்க கையில இருக்கறது யாரோட சுத்தியல்?” என்று கேட்டாள்.

டெய்லரம்மா விழித்தார். “சங்கத்துது.”

“சங்கத்துச் சாமானை எடுத்தா என்ன பண்ணணும்?”

அவர் கை, அந்தப் பழகின கை, புடவைத் தலைப்பைப் பிடித்துச் சுத்தியலை மெல்லத் துடைக்க ஆரம்பித்தது.

“எல்லாருக்கும்தான் கேக்கறேன். எடுத்தவங்க துடைச்சு, எண்ணெய் போட்டு, அதே ஆணியில மாட்டுங்க. இப்பவே.”

வெல்டர் தலைக்கு மேல் தூக்கிய சம்மட்டியைப் பார்த்தார். அது இறங்கியது, யார் மேலும் இல்லாமல். அவர் தோளைத் தளர்த்திக்கொண்டு, உருண்டு கிடந்த கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கருவி அறைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஒரே எண்ணெய் டப்பா கை மாறிப் போயிற்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தலைவர் தரையில் கிடந்தபடியே, திறந்த கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நசுங்கிய விரல்களை மார்போடு அணைத்திருந்தார்.

“வெல்டர்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். “கடப்பாரை அந்த ஆணி இல்லைப்பா. ஜன்னல் பக்கம்.”

வெல்டர் அதைக் கழற்றி, ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

நான் சுவரைப் பிடித்து எழுந்தேன். கருவி அறைத் தரை என் கண்ணுக்குப் பட்டது. வரிசையில் காத்திருந்தபோது கருவிகளிலிருந்து சிந்திய மொட்டையின் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. அதன் மேல் இப்போது எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தியும் அதைப் பார்த்தாள். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

“அம்மா” என்றது நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்த குரல். “இரும்பை எல்லாம் துடைச்சு வச்சுட்டாங்க. என்னை யாராவது துடைச்சு விடுவாங்களா?”

பேக்கரிக்காரர்தான் வந்தார். என்னிடம் இருந்தது ஒரு கை, அவரிடம் இருந்தது ஒரு கை. நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறு முனையை இழுக்க, முடிச்சு லேசில் அவிழவில்லை.